பம்புசெட்டுக்குக் கணக்கு கேட்கும் அரசே! நடுக்கடலில் எரியும் வாயுவுக்குக் கணக்கு எங்கே?

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! ஏரும் தறியும் சேர்ந்தே பிழைக்கும் காஞ்சிபுரம் வட்டார உழைக்கும் மக்களே! தாய்மார்களே!

சொர்ணவாரி அறுப்பு முடிந்த சமயத்தில் நம்ம பக்கத்து ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள. எந்த ஆபீஸ் என்று பெயர் சொல்ல வேண்டாம். வந்தவர்கள் படித்த பிள்ளைகள், மரியாதையாகத்தான் பேசினார்கள். திரை கட்டிப் படம் காட்டினார்கள். "ஐயா, வயல்ல எப்பவும் தண்ணி கட்டி வெக்காதீங்க, மீத்தேன் வருது. மோட்டாரை ராத்திரி பகலா ஓட விடாதீங்க. கரண்ட் வீணாகுது, நிலக்கரி எரியுது, பூமி சூடாகுது" என்றார்கள்.

நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சரி தம்பி. நான் மோட்டார் போட்டா பூமி சூடாகுது, ஒத்துக்கிறேன். கடல்ல எண்ணெய் எடுக்கிறவன் எத்தனை மோட்டார் ஓட்டுறான்? அவன் கணக்கு உங்க படத்துல எங்கே?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க ஐயா" என்றது அந்தப் பிள்ளை. டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அவர்கள் டிபார்ட்மெண்ட் இல்லையென்றால் அது நம்ம டிபார்ட்மெண்ட்! அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எழுதியதே இந்தப் பிரசுரம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு டீக்கடையிலும் களத்துமேட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

கிணறு வற்ற வற்ற மோட்டார் பெருக்கும்!

எங்க அப்பா காலத்தில் கவலை இறைப்பு. இருபது அடியில் தண்ணீர். நான் பள்ளிக்கூடம் முடித்தபோது மூன்று எச்.பி. மோட்டார். இப்போது போர் முந்நூறு அடி, ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள். பாய்கிற நிலம் அதே இரண்டு ஏக்கர்தான். ஒரு குடம் தண்ணீருக்குக் குடிக்கிற கரண்ட் மட்டும் பல மடங்கு.

கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க் கிணற்றின் கதையும் இதுவே. புதுக்கிணற்றில் எண்ணெய் தன் அழுத்தத்திலேயே மேலே வரும். வருஷம் போகப் போக அழுத்தம் குறையும். அப்போது கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து, பெரிய பம்பு வைத்து, பூமிக்குள்ளே அழுத்தி எண்ணெயைத் தள்ள வேண்டும். வாயுவை அழுத்திக் கிணற்றுக்குள் விட்டு எண்ணெயைத் தூக்க வேண்டும். உள்ளே தள்ளிய தண்ணீரும் எண்ணெயோடு கலந்து மேலே வரும். உலக அளவில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு சுமார் மூன்று பீப்பாய் தண்ணீர் வருகிறது என்பது துறைக்காரர்களே சொல்லும் கணக்கு. பழைய வயலில் இதைவிட அதிகம் வரும். அதாவது, வயசான எண்ணெய்க் கிணறு பெரும்பாலும் தண்ணீர்க் கிணறு!

இத்தனைக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? நடுக்கடலுக்கு மின் கம்பம் போகாது. எடுக்கிற வாயுவிலேயே ஒரு பகுதியை அங்கேயே டர்பைனில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எண்ணெய் குறைந்தாலும் மெஷின் குறைவதில்லை. உச்ச விளைச்சலுக்கு வாங்கிப் போட்ட பெரிய மெஷின், விளைச்சல் கால்வாசியான பிறகும் அரைச் சுமையில் ஓடி வாயுவைத் தின்கிறது. மூன்று எச்.பி. போதுமான கிணற்றில் பத்து எச்.பி. மாட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

பாவு ஏற்றிய பிறகு சேலை அகலம் மாறுமா?

நெசவாளிகளே, இதை நீங்கள் எங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். பாவு ஏற்றித் தறியில் பூட்டிய பிறகு சேலையின் அகலத்தை மாற்ற முடியுமா? முடியாது. எத்தனை இழை, என்ன கரை என்பதெல்லாம் முன்னாலேயே முடிந்துபோன காரியம்.

எண்ணெய் வயலும் அப்படித்தான். எத்தனை கிணறு, எவ்வளவு வேகத்தில் எடுப்பது, வாயுவைக் கரைக்குக் கொண்டுவரக் குழாய் எப்போது போடுவது, மெஷின் எவ்வளவு பெரிசு, எத்தனை வருஷம் ஓட்டுவது என்று ஒரு திட்ட ஏட்டில் முதலிலேயே எழுதி முடிக்கிறார்கள். வயல் அபிவிருத்தித் திட்டம் என்று அதற்குப் பெயர். 1993ல் அமைக்கப்பட்ட ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் இவற்றைப் பார்க்கும் அரசு அமைப்பு. அந்த ஏட்டில் ஒரு கையெழுத்து விழுந்தால் அடுத்த முப்பது, நாற்பது வருஷத்துக்கு எவ்வளவு வாயு எரியும், எவ்வளவு புகை வானத்துக்குப் போகும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அந்த ஏட்டை எந்தக் கிராம சபையில் வைத்தார்கள்? எந்த மீனவர் குப்பத்தில் படித்துக் காட்டினார்கள்? நமக்குப் படம் போட்டுப் பாடம் நடத்துகிறவர்கள் அந்த ஏட்டை ஏன் காட்டுவதில்லை?

பம்பாய் ஹை சொல்லும் பாடம்!

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் கடலில் இருக்கிறது பம்பாய் ஹை. 1974ல் கண்டுபிடித்தார்கள். 1976 மே மாதம் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். நாட்டின் எண்ணெய்ப் பஞ்சத்தில் அது பெரிய உதவி, மறுக்கவில்லை. அங்கே அலையிலும் காற்றிலும் உழைத்த தொழிலாளர்களை வணங்குகிறோம். நம் கேள்வி திட்டம் போட்டவர்களைப் பார்த்து.

எண்ணெய் வரும்போது கூடவே வாயுவும் வரும். எண்ணெயைக் கப்பலில்கூட ஏற்றலாம். வாயுவுக்குக் குழாய் வேண்டும், அழுத்தும் நிலையம் வேண்டும், கரையில் வாங்குகிற ஆலை வேண்டும். முதலில் எண்ணெய்க்கு அவசரம் காட்டினார்கள். வடநாட்டு உர ஆலைகளுக்கு வாயு கொண்டுபோகும் ஹசீரா, விஜய்பூர், ஜெகதீஷ்பூர் குழாய் 1980களின் பிற்பகுதியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏராளமான வாயு நடுக்கடலில் தீயாக எரிந்து வீணானது. மண் சரியாக இருந்தது, மழை சரியாக இருந்தது, களஞ்சியம் கட்டாமல் அறுத்தான் என்பது போலத்தான்!

1984ல் பூமிக்குள் தண்ணீர் அழுத்த ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அது ஓ.என்.ஜி.சி.யின் மிகப் பெரிய வயல். விளைச்சல் இறங்கிப்போனதால் 2025 ஜனவரியில் பி.பி. என்ற வெளிநாட்டுக் கம்பெனியைத் தொழில்நுட்ப உதவிக்குப் பத்து வருஷத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள்.

நம்ம ஊர்க் கணக்கில் பாருங்கள். 1979ல் அத்தி வரதர் எழுந்தருளியபோது பம்பாய் ஹைக்கு மூன்று வயசு. 2019ல் மறுபடி எழுந்தருளினார், நாற்பத்தெட்டு நாள் காஞ்சிபுரமே திணறியது. அப்போதும் அதே வயல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து 2059ல் வருவார். இன்றைக்குக் கையெழுத்தாகும் கடல் திட்டம் அப்போதும் புகை விட்டுக்கொண்டிருக்கலாம். நம்மில் பலர் இருக்க மாட்டோம். நம்ம பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்!

வீணாக எரிந்தது வாயுவா, யூரியாவா?

விவசாயிக்கு வாயு என்றால் என்ன? யூரியா! ஒரு 45 கிலோ யூரியா மூட்டை செய்யச் சுமார் 30 கன மீட்டர் இயற்கை எரிவாயு ஆகும். நம்ம மணலி உர ஆலைகூட 2019ல் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. கப்பலில் எண்ணூருக்கு வந்து இறங்கும் வெளிநாட்டு வாயு அது.

2024ல் மட்டும் உலகம் முழுக்க எண்ணெய் எடுக்கும் இடங்களில், கரையும் கடலும் சேர்த்து, 15,100 கோடி கன மீட்டர் வாயு சும்மா எரிந்துபோனது. இது உலக வங்கி வெளியிட்ட கணக்கு. மூட்டைக் கணக்கில் போடுங்கள்: சுமார் 500 கோடி யூரியா மூட்டை! இந்தியா முழுக்க ஒரு வருஷத்துக்கு ஆகும் யூரியா 80 கோடி மூட்டை அளவில். ஆறு வருஷத்து யூரியா ஒரே வருஷத்தில் சாம்பல்கூட இல்லாமல் போனது. அதனால் வானத்துக்குப் போன சூட்டு வாயு 38 கோடி டன்னுக்கு மேல்.

இங்கே கூட்டுறவு சொசைட்டி வாசலில் ஒரு மூட்டைக்கு ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்கிறோம்!

இனி மீத்தேன். உலகத்து நெல் வயல்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 3 கோடி டன் மீத்தேன் விடுகின்றன. உண்மைதான், மறைக்கவில்லை. எண்ணெய், எரிவாயுத் தொழில் விடுவது சுமார் 8 கோடி டன் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. நெல் பாதி உலகத்துக்குச் சோறு போடுகிறது. குழாய்க் கசிவு யாருக்குச் சோறு போடுகிறது?

தப்புத் திட்டம் போட்டால் கரையிலும் புகை!

கடலில் போடும் திட்டம் கடலோடு நிற்பதில்லை. ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா, கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸ் கம்பெனியின் டி6 வயல். 2009 ஏப்ரலில் வாயு வர ஆரம்பித்தது. தினம் 8 கோடி கன மீட்டர் எடுப்போம் என்று திட்டம். 2010ல் 6 கோடியைத் தொட்டது. திட்டமிட்ட அளவுக்கு ஏறவில்லை. 2013ல் 2 கோடிக்கும் கீழே விழுந்தது. அந்த முதல் வயல்கள் 2020 பிப்ரவரியில் ஒரேயடியாக நின்றுபோயின. ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் கிணறு தோண்டவில்லை என்றது அரசு. பூமியின் அமைப்பு ஏமாற்றிவிட்டது என்றது கம்பெனி. வழக்கு வம்பு என்று வருஷங்கள் ஓடின.

அந்த வாயுவை நம்பிக் கட்டிய மின் நிலையங்கள் என்ன ஆயின? ஆந்திரத்தில் பல நிலையங்கள் வாயு இல்லாமல் பூட்டிக் கிடந்தன. அந்த இடத்தை நிலக்கரி பிடித்துக்கொண்டது. ஏட்டில் எழுதிய விளைச்சல் வராததால், எரிய வேண்டியது வாயு, எரிந்தது கரி. கரி எரிந்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு புகை. இதற்கு எந்தப் பம்புசெட்டு காரணம், சொல்லுங்கள் பார்ப்போம்?

வேறு வழி இல்லை என்பது பொய்!

நார்வே நாட்டில் 1991 முதலே கடலில் எண்ணெய் எடுப்பவன் விடும் கரியமில வாயுவுக்கு வரி. வரி வந்ததும் புத்தி வந்தது. 2019ல் அவர்கள் தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ரப் வயலுக்குக் கரையிலிருந்து கேபிள் போட்டு நீர்மின்சாரம் கொடுக்கிறார்கள். ஒரு பீப்பாய் எடுக்க ஒரு கிலோவுக்கும் குறைவான கரியமில வாயு என்று கணக்குச் சொல்கிறார்கள். உலகச் சராசரி 15 கிலோ அளவில். பூமி ஒன்று, எண்ணெய் ஒன்று, வித்தியாசம் திட்ட ஏட்டில்!

அதை அப்படியே இங்கே காப்பி அடி என்று நாங்கள் சொல்லவில்லை. நம்ம மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி. கரி மின்சாரத்தைக் கேபிளில் கடலுக்கு அனுப்பினால் புகை இடம் மாறுமே தவிரக் குறையாது. ஆனால் வாயுக் குழாய் தயாராகாமல் எண்ணெய் எடுக்காதே, அளவான மெஷின் போடு, கசிவை அடை, கிழட்டுக் கிணற்றை நேரத்தில் மூடு என்பதற்கு நார்வே ஆக வேண்டியதில்லை. நேர்மை இருந்தால் போதும்.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்கிறோம். எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் ஒரு பீப்பாய் எண்ணெய் கடைசியில் எரியும்போது சுமார் 430 கிலோ கரியமில வாயு வரும். எடுப்பது, சுத்திகரிப்பது, கப்பலில் கொண்டுவருவது, மீத்தேன் கசிவு எல்லாம் அதற்கு மேலே சராசரியாக 100 கிலோவை நெருங்கும். 2038க்குள் நிகர பூஜ்யம் என்று ஓ.என்.ஜி.சி. அறிவித்திருப்பது தன் சொந்த வேலையில் வரும் புகைக்குத்தான். விற்ற எண்ணெய் எரியும் புகை அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே சுத்தமாக எடுக்கிறோம் என்று சொல்லி இன்னும் பத்து வயல் திறக்க நினைத்தால் அதையும் கேள்வி கேட்போம்!

நம்ம கடலிலும் கண் வைத்துவிட்டார்கள்!

காஞ்சிபுரத்துக்கும் கடல் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம்ம பாலாற்றின் பெயரிலேயே கடலில் ஒரு படுகை இருக்கிறது: பாலாறு, பெண்ணாறு படுகை. 2000களிலேயே அங்கே ஒரு தொகுதியை ஏலத்தில் கொடுத்தார்கள். அது எண்ணெய் எடுக்கும் வயலாக வரவில்லை. தெற்கே காவிரிப் படுகைக் கடலில் பி.ஒய்.3 என்ற வயலில் 1997 முதல் 2011 வரை எண்ணெய் எடுத்தார்கள். 2024 ஜனவரியில் கையெழுத்தான சுற்றில் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடல் தொகுதிகளைக் கொடுத்திருக்கிறார்கள். மீனவ மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். அவர்கள் பக்கம் நாம் நிற்க வேண்டாமா?

2017ல் நெடுவாசல் மக்கள் மண்ணில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தப் போராட்டங்களின் பலனாக 2020ல் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் நிலத்துக்குத்தான், கடலுக்கு இல்லை. நம்ம காஞ்சிபுரத்துக்கும் இல்லை.

அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? எண்ணெய் தேடித் துளை போடும் வேலையை, நிலமானாலும் கடலானாலும், சுற்றுச்சூழல் அனுமதியில் கீழ் வகுப்புக்கு இறக்கியது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாகிவிட்டது. துளை போடும்போது கேட்க மாட்டார்கள். எண்ணெய் கிடைத்த பிறகு, இவ்வளவு செலவு செய்துவிட்டோமே, இனி நிறுத்த முடியுமா என்பார்கள். பெண் பார்க்கும்போது சொல்லாமல் தாலி கட்டும்போது சம்மதம் கேட்கும் கதை!

2015 வெள்ளத்தை மறந்தீர்களா? 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை மறந்தீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போட்ட போட்டை? ஒரு புயலை ஒரு எண்ணெய் வயலின் தலையில் கட்ட முடியாது. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் சூடான கடல் அதிகத் தண்ணீரை மேகத்தில் ஏற்றும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்பது விஞ்ஞானம். நாற்று மூழ்கினால் நட்டம் யாருக்கு? கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கா? பங்குதாரருக்கா? நமக்கு!

"நீங்களும் டீசல் போடுறீங்களே?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆமாம், போடுகிறோம். டிராக்டருக்கும் அறுப்பு மெஷினுக்கும் டீசல்தான். ஒரு லிட்டர் எரிந்தால் இரண்டே முக்கால் கிலோ அளவுக்குக் கரியமில வாயு வரும். நாளைக்கே எல்லா எண்ணெய்க் கிணற்றையும் மூடு என்று நாங்கள் சொல்லவில்லை. மூடினால் முதலில் நிற்பது நம்ம டிராக்டர்தான், தெரியும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும் என்பதும் உண்மை. நம்மில் சிலர் செய்கிறோம். ஆனால் காய விட்ட வயலுக்கு மறுபடி தண்ணீர் கிடைக்கும் என்ற உத்தரவாதம் வேண்டாமா? மதகு உடைந்த ஏரியை, ஆக்கிரமித்த வரத்துக்கால்வாயை வைத்துக்கொண்டு எந்த நம்பிக்கையில் வயலைக் காய விடுவது?

கணக்கு என்றால் எல்லோருக்கும் கணக்கு. இரண்டு ஏக்கர்க்காரனுக்கு மீட்டர், இரண்டாயிரம் சதுர மைல்காரனுக்குச் சலுகை என்றால் அது கணக்கல்ல, கள்ளக்கணக்கு! மின் கட்டணப் போராட்டத்தில் 1970களில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்து நம் முன்னோர் வாங்கித் தந்த உரிமையின் தொடர்ச்சிதான் இன்றைய இலவச மின்சாரம். பூமி சூட்டைக் காரணம் காட்டி அதில் கை வைக்க யார் நினைத்தாலும் விட மாட்டோம்!

நமது கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

1. கடலில் எந்த வயலுக்குத் திட்டம் ஒப்புக்கொண்டாலும், முதல் பீப்பாய் தொடங்கிக் கடைசிப் பீப்பாய் வரை, எவ்வளவு வாயு சொந்த மெஷினுக்கு எரியும், எவ்வளவு வீணாக எரியும், எவ்வளவு மீத்தேன் கசியும் என்று வருஷவாரியாகக் கணக்கு வெளியிடு! தமிழில் வெளியிடு!

2. வாயுவைக் கரைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு முடியாமல் எண்ணெய் எடுக்க அனுமதிக்காதே! ஆபத்தைத் தவிர்க்க எரிப்பது தவிர மற்ற எரிப்புக்குத் தடை போடு!

3. கிணறு எப்போது மூடப்படும், மூடும் செலவு யாருடையது என்பதைத் திட்டத்திலேயே எழுது!

4. 2020 ஜனவரித் திருத்தத்தைத் திரும்பப் பெறு! துளை போடும் முன்பே மீனவரையும் விவசாயியையும் கூட்டிக் கருத்துக் கேள்!

5. நெல் வயல் மீத்தேனைக் குறைக்க வேண்டுமா? ஏரி மதகைச் சீர் செய், வரத்துக்கால்வாயை மீட்டுக் கொடு, சூரியசக்திப் பம்புசெட்டை முழு மானியத்தில் கொடு! இலவச மின்சாரத்தைத் தொடாதே!

விவசாயிகளே, சும்மா படித்துவிட்டு மடித்துவைக்க இதை அச்சடிக்கவில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மான நகலோடு, கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். நமக்குப் படம் போட்டுக் காட்டியவர்களிடம், இந்தத் தடவை நாம் கணக்குப் போட்டுக் காட்டுவோம்!

2059ல் அத்தி வரதரைப் பார்க்க வரிசையில் நிற்கும் பேரப்பிள்ளை, "தாத்தா, அன்னிக்கு நீ கேட்டியா?" என்று கேட்டால், கேட்டோம் என்று சொல்ல ஒரு தீர்மான நகலாவது வீட்டில் இருக்கட்டும்.

திரண்டு வாரீர்! தீர்மானம் போட வாரீர்! கணக்குக் கேட்க வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
காஞ்சிபுரம் வட்டாரம்